வீட்டுக்கு வரும் நர்ஸ் யாருக்காகப் பேசுகிறார்? வீட்டு நர்சிங் சேவைகள்: ஒரு மதிப்பீடு

வீட்டு நர்சிங் சேவை தரும் நிறுவனங்களின் விளம்பரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஊசி போடுவார்கள், டிரெஸ்ஸிங் மாற்றுவார்கள், பிபி, சுகர் பார்ப்பார்கள், கதீட்டரையும் (சிறுநீர் வடிக்கும் குழாய்) ரைல்ஸ் டியூபையும் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் உணவுக் குழாய்) பராமரிப்பார்கள், 12 மணி நேர ஷிப்டும் உண்டு, 24 மணி நேர ஷிப்டும் உண்டு. இந்தப் பட்டியலை வைத்து ஒரு சேவையை எடைபோட முடியாது. பயிற்சி பெற்ற எந்த நர்ஸுக்கும் இவை கைவந்த வேலைகள். வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். படுத்திருப்பவரால் தனக்காகப் பேச முடியாத நேரத்தில் நர்ஸ் வாய் திறக்கிறாரா? திறந்தால், அனுப்பிய நிறுவனம் அவருக்குத் துணையாக நிற்கிறதா, மறுநாளே ஆளை மாற்றிவிடுகிறதா? இந்த மதிப்பீடு முழுக்க அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நர்ஸ் தவறவிட்டதை அடுத்த ஷிப்ட் நர்ஸ் பிடித்துவிடுவார். அவரும் விட்டால் வார்டு இன்சார்ஜ், ட்யூட்டி டாக்டர், மருந்தாளுநர் என்று இன்னும் பல கண்கள் இருக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஜோடிக் கண். அதோடு, பணம் கொடுப்பது குடும்பம், ஆளை அனுப்புவது ஏஜென்சி, மருந்து எழுதுவது டாக்டர், படுத்திருப்பது நோயாளி. நால்வரும் ஒன்றையே விரும்பும்வரை சிக்கல் இல்லை. இரவில் முனகிக்கொண்டே இருக்கும் பெரியவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிடுங்கள் என்று மகன் கேட்கும்போதுதான் நர்ஸ் யார் பக்கம் என்ற கேள்வி வருகிறது. சர்வதேச செவிலியர் மன்றம் 1953-ல் முதன்முதலில் ஏற்று 2021-ல் கடைசியாகத் திருத்திய நெறிமுறைக் கோவை இதில் தெளிவாக இருக்கிறது: நர்ஸின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுபவரிடம். பணம் கொடுப்பவர் அதற்குப் பிறகுதான்.

சேவைகள் பெரும்பாலும் மூன்று வகை. ஆஸ்பத்திரியே நடத்தும் வீட்டுப் பராமரிப்புப் பிரிவு, நர்ஸுகளை அனுப்பும் தனி ஏஜென்சி, குடும்பமே நேரடியாக அமர்த்திக்கொள்ளும் நர்ஸ். முதல் வகையில் டாக்டரோடு தொடர்பு எளிது, பழைய ரிப்போர்ட்டுகள் கைவசம் இருக்கும். ஆனால் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் எழுதியதை நர்ஸ் கேள்வி கேட்பது கொஞ்சம் கடினம். இரண்டாவது வகையில் ஆள் வராவிட்டால் மாற்று ஆள் கிடைப்பார். பலவீனம், அடிக்கடி ஆள் மாறுவதும், மேற்பார்வை வெறும் போன் விசாரிப்பாகச் சுருங்கிவிடுவதும். மூன்றாவது வகையில் ஒரே நர்ஸ் மாதக்கணக்கில் இருப்பதால் நோயாளியை நன்றாக அறிந்துகொள்கிறார். ஆனால் குடும்பத்தோடு கருத்து வேறுபட்டால் அவருக்குப் பின்னால் யாருமே இல்லை. வேலை போய்விடும் என்ற பயமே வாயை அடைத்துவிடும். நோயாளி பேசக்கூடியவர், தேவை குறைவு என்றால் மூன்றாவது வகை போதும். டியூப், கதீட்டர், புண், நினைவு தடுமாற்றம் இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால், பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் மேற்பார்வையாளராக இருக்கும் சேவைதான் வேண்டும்.

முதல் நாள்: மருந்துப் பெட்டி

ஒரு சேவையின் தரம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். வந்ததும் பிபி மிஷினை எடுக்கிறாரா, மருந்துப் பெட்டியைக் கேட்கிறாரா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் ஓரிரு நாட்களில்தான் மருந்துக் குழப்பம் அதிகம். நர்ஸ் செய்ய வேண்டியது மூன்று பட்டியல்களை ஒப்பிடுவது: ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் சாப்பிட்டவை, டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளவை, இப்போது உண்மையில் வாய்க்குள் போகிறவை. மூன்றாவது பட்டியலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு அலமாரி, தலையணை அடி, கைப்பை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்; கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, உறவினர் சொன்ன சூரணம் உட்பட எல்லாம் மேசைமேல் வர வேண்டும்.

அடிக்கடி சிக்குபவை சில. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு முறை போய்க்கொண்டிருக்கும். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படித்தால்தான் தெரியும். பாராசிட்டமால் தனி மாத்திரையாகவும் போகும், சளி மாத்திரைக்குள் ஒளிந்தும் போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். கல்லீரல் பாதிப்போ, மிகக் குறைந்த உடல் எடையோ இருந்தால் அதைவிடக் குறைவு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவருக்கு மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபினாக் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்கென்று தொடங்கிய அமில மாத்திரை (வயிற்று அமிலத்தைக் குறைப்பது), நிறுத்தும் தேதி எழுதாததால் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டில் ஆபத்து தலைகீழ்: படிப்படியாகக் குறைக்க வேண்டியதை அட்டை தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

இன்சுலின் தனிப் பத்தி கேட்கும் விஷயம். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழங்கும் இடங்களில் சிரிஞ்சும் அதற்கேற்ற இரண்டு வகை. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால் 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும். சுகர் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்து எண் ஒத்துப்போகிறதா என்று நர்ஸ் பார்ப்பதற்கு ஐந்து விநாடி. அதைச் செய்யாமல் ஊசி போடுபவரை மறுநாள் வரவிட வேண்டாம்.

வழக்கமான அளவு இன்சுலின் எழுதியிருக்கிறது, ஆனால் இன்று நோயாளி பாதி உணவுகூட எடுக்கவில்லை. இங்கே சீட்டில் இருப்பதை அப்படியே போடுபவர் உத்தரவை நிறைவேற்றுபவர் மட்டுமே. ஊசிக்கு முன்பே டாக்டரைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன செய்வது என்று கேட்பவர்தான் தேவை. சுகர் 70-க்குக் கீழே இறங்கி, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இந்த இரண்டு வரியும் படுக்கையருகே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

யாரைப் பார்த்துக் கேட்கிறார்?

நல்ல நர்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. அறைக்குள் ஐந்து பேர் இருந்தாலும் முதல் கேள்வி படுத்திருப்பவரிடம்தான். "ராத்திரி தூங்கினாங்களா?" என்று மகளிடம் கேட்காமல், "ராத்திரி தூக்கம் எப்படிம்மா இருந்தது?" என்று அம்மாவிடம் கேட்பார். பதில் வரத் தாமதமானால் காத்திருப்பார். பக்கவாதம் வந்தவருக்குச் சொல் தேட நேரம் ஆகும். காது மந்தமானவருக்குக் கேள்வியே சென்று சேர்ந்திருக்காது. காது மிஷின் காதில் இருக்கிறதா, பேட்டரி ஓடுகிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, பல்செட் வாயில் இருக்கிறதா என்று பார்ப்பதும் நோயாளிக்காகப் பேசுவதில் ஒரு பகுதிதான். நினைவு மங்கிவிட்டதாகக் குடும்பம் முடிவுகட்டியவர்களில் சிலருக்கு உண்மையில் காதுதான் கேட்கவில்லை.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்பினால், ஆட்களை மாற்றிச் சொன்னால், இல்லாததைப் பார்த்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று குடும்பம் சொல்லும். நர்ஸ் அதை ஏற்றுக்கொண்டால் சேவைக்குக் கழித்தல் மதிப்பெண். மணிக்கணக்கிலோ ஓரிரு நாட்களிலோ வரும் குழப்பத்துக்குக் கிட்டத்தட்ட எப்போதும் காரணம் ஒன்று இருக்கும்: நோய்த்தொற்று, அடிவயிற்றில் தேங்கிய சிறுநீர், பல நாள் மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சோடியம் குறைவு, சொல்ல முடியாத வலி. கூச்சலிடுபவரை யாரும் கவனிப்பார்கள். சத்தமே இல்லாமல், சதா அரைத்தூக்கத்தில் கிடப்பவரிடமும் இதே குழப்பம் இருக்கலாம். "இன்னைக்கு நல்லா ரெஸ்ட் எடுக்கிறாங்க" என்று எழுதிவிட்டுப் போனால் அது தவறிவிடும். இந்த நிலையில் தூக்க மாத்திரை கொடுத்தால் குழப்பம் பெரும்பாலும் கூடும், கீழே விழும் ஆபத்தும் சேரும். மகன் கேட்டாலும் சீட்டில் இல்லாத மாத்திரையைக் கொடுக்க முடியாது என்று சொல்லி, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, கடைசியாக மலம் போன தேதியைச் சார்ட்டில் தேடி, டாக்டருக்குப் போன் செய்பவரே இந்த வேலைக்குரியவர்.

கையைக் கட்டுவதும் இதே ரகம். டியூபைப் பிடுங்குகிறார் என்று கைகளைக் கட்டிலோடு கட்டிவைக்கும் வீடுகள் உண்டு. கட்டினால் பதற்றம் கூடும், மணிக்கட்டுத் தோல் உரியும், புரண்டு படுக்க முடியாமல் புண் வரும். முதலில் கேட்க வேண்டியது, அந்த டியூப் இன்னும் தேவையா என்பது. தேவை என்றால் டியூபைக் கன்னத்தோடு ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணில் படாமல் மறைப்பது. கைக்கு வேறு ஏதாவது பிடித்துக்கொள்ளக் கொடுப்பது. மூக்கில் உறுத்தும் பிளாஸ்டரை மாற்றுவது. பாதி நேரம் பிடுங்குவதற்குக் காரணமே அந்தப் பிளாஸ்டர் அரிப்புதான்.

டியூப்களை ஏன் என்று கேட்பவர்

கதீட்டர் பராமரிப்பில் எல்லாச் சேவைகளும் தங்களுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்துக்கொள்ளும். பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது, மூன்றில் இரண்டு பங்கு நிறையும்முன் காலி செய்ய வேண்டும், குழாயைத் தொடையோடு பிணைத்து இழுபடாமல் வைக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய கேள்வி, இது ஏன் இன்னும் உள்ளே இருக்கிறது என்பது. ஆபரேஷன் சமயத்தில் போட்ட கதீட்டர், எடுக்கும் தேதி டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஒரே காரணத்தால் வாரக்கணக்கில் இருந்துவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் ஏறிக்கொண்டே போகிறது. "டயபர் மாத்துற வேலை இல்லாம சௌகரியமா இருக்கு" என்று வீட்டில் உள்ளவர்களோ அட்டெண்டரோ சொல்வது கதீட்டரை வைத்திருக்கக் காரணமாகாது. எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கும் நர்ஸ், எடுத்த பிறகு முதல் ஆறு மணி நேரத்தில் எத்தனை முறை, எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதுவார். போகாமல் அடிவயிறு உப்பினால் உடனே சொல்வார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நீண்ட நாள் கதீட்டர் உள்ளவரின் சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், வலி, புதிய குழப்பம் எதுவும் இல்லாமல் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தொடங்கக் கேட்பது நோயாளிக்கு உதவாது. குழாயின் ஓரத்தில் கசிந்தால் உடனே பெரிய சைஸ் போடச் சொல்வதும் தவறு. பெரும்பாலும் காரணம் அடைப்பு, குழாய் மடங்கல், மலச்சிக்கல், இல்லையென்றால் சிறுநீர்ப்பைத் துடிப்பு.

ரைல்ஸ் டியூபில் சோதனைக்கேள்வி ஒன்று போதும்: உணவு கொடுக்கும்முன் டியூப் இரைப்பையில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்? காற்றை ஊதி ஸ்டெத்தில் சத்தம் கேட்போம் என்பது பழைய பதில். டியூப் மூச்சுக்குழலில் இருந்தாலும் அதே மாதிரிச் சத்தம் கேட்கலாம். மூக்கருகே உள்ள அளவுக்குறி முன்பு பதிந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து, உள்ளிருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சி, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் வைத்து 5.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கொடுக்கலாம் என்பது சரியான பதில். அமில மாத்திரை எடுப்பவருக்கு எண் கூடுதலாகக் காட்டலாம். அப்போது சந்தேகம் தீரும்வரை உணவு நிறுத்தம், டாக்டருக்குப் போன். கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மருந்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், சாதாரணமாக 30 மில்லி. தண்ணீர் அளவு கட்டுப்பாடு உள்ளவருக்கு டாக்டர் சொல்லும் அளவு. மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்துப் போட்டால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். மாத்திரையைக் கையில் எடுத்து, "இதை இடிக்கலாமா? திரவமாக இருக்கிறதா?" என்று டாக்டரிடம் கேட்பவர் கிடைத்தால் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் புண்

இதைத் தராசில் வைத்தே சேவையை நிறுக்கலாம். இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவது பொதுவான வழக்கம். தோலின் நிலை பார்த்துக் கூட்டலாம் குறைக்கலாம். பக்கவாட்டில் 90 டிகிரி நிமிர்த்தினால் எடை முழுவதும் இடுப்பு எலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்வில் முதுகுக்குப் பின் தலையணை கொடுப்பதே முறை. கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்து குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, வளையத் தலையணை வேண்டாம். விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் அப்படியே இருக்கும் சிவப்பு முதல் நிலைப் புண். கருமையான தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடாமல், விளக்கு போடாமல், "ஸ்கின் நார்மல்" என்று எழுதும் சார்ட்டை நம்பாதீர்கள்.

ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்ற எண்ணம் வீடுகளில் மட்டுமல்ல, சில அட்டெண்டர்களிடமும் உண்டு. ஏர் பெட் இருந்தாலும் புரட்ட வேண்டும். காற்று குறைந்து உடல் கீழே தட்டுகிறதா என்று மெத்தைக்கடியில் கையை நுழைத்துப் பார்ப்பது தினசரி வேலை. இன்னொரு சிக்கல் அனுபவசாலிகளுக்கே பிடிபடும்: டியூப் உணவுக்காகத் தலையை உயர்த்தினால் உடம்பு மெல்லக் கீழே சறுக்கி, பின்முதுகின் அடித்தோல் இழுபட்டுக் கிழியும். இரண்டு தேவைகளும் மோதும்போது, உணவு நேரம் முடிந்ததும் தலையைத் தாழ்த்தி, முழங்காலுக்கடியில் சிறு உயரம் கொடுத்து, இழுக்காமல் விரிப்போடு இருவர் தூக்கி மேலேற்றுவதுதான் வழி. அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். "தனியாகச் செய்ய முடியாது, ஒருவர் உதவிக்கு வர வேண்டும்" என்று நர்ஸ் குடும்பத்திடம் கேட்டால் அது சோம்பல் இல்லை. தனியாக இழுத்துத் தள்ளுபவரைவிட அவர் நல்லவர்.

டாக்டருக்குப் போன்

சேவையைப் பரிசோதிக்க, நர்ஸ் டாக்டரிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். "டாக்டர், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்று தொடங்கினால் பதிலும் அப்படித்தான் வரும்: "பார்த்துக்கோங்க, நாளைக்குச் சொல்லுங்க." நான்கு படியாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது: இப்போது என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். வீட்டில் அது இப்படி ஒலிக்கும்:

"டாக்டர், காலை 6 மணியிலிருந்து கூப்பிட்டால் கண் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். நேற்று இரவுவரை தெளிவாகப் பேசினார். 78 வயது, இடுப்பு ஆபரேஷன் ஆகி 9-வது நாள், கதீட்டர் உண்டு. இப்போது பிபி 94/58, வழக்கமாக 130/80 இருக்கும். நாடி 112, மூச்சு நிமிடத்துக்கு 26, காய்ச்சல் 38.4 செல்சியஸ், ஆக்ஸிஜன் 93. ஆறு மணி நேரத்தில் சிறுநீர் 90 மில்லிதான், எடை 60 கிலோ. தொற்று இரத்தத்தில் பரவுகிறதோ என்று பயமாக இருக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. எமர்ஜென்சிக்கு நீங்கள் பேசிவிடுகிறீர்களா? வரும்வரை நான் என்ன செய்ய வேண்டும்?"

கணிப்பைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்து மூன்றாவது படியை விழுங்கிவிடும் நர்ஸுகள் நிறைய. அந்தப் படி இல்லாமல் மற்ற எண்களெல்லாம் சேர்ந்தும் டாக்டரை எழுப்புவதில்லை. மூச்சு எண்ணிக்கையும் சிறுநீர் அளவும் இல்லாத போன் அரைகுறைப் போன். மேலே சொன்ன சிறுநீர், கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற எல்லையில் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். டாக்டர் வாய்வழி சொன்ன மருந்தையும் அளவையும் நர்ஸ் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு எழுதி, பிறகு எழுத்தில் வாங்க வேண்டும். டாக்டர் எடுக்கவில்லை என்றால் அடுத்து யார், எத்தனை நிமிடத்துக்குள் என்ற வரிசை முன்பே எழுதியிருக்க வேண்டும். "எங்கள் சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டேன், பதில் வரவில்லை" என்பதோடு நிற்கும் சேவை இரவில் உதவாது.

இதய பலவீனம் உள்ளவர் என்றால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் மூச்சு வாங்கும்வரை காத்திராமல் சொல்ல வேண்டும். நீண்டகால நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் இலக்கு பெரும்பாலும் 88 முதல் 92. எண் 90 காட்டுகிறதே என்று பதறி, வீட்டார் ஓட்டத்தைக் கூட்டினால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். கருவியின் திருகைத் திருப்பப் போகும் கையை மரியாதையாகத் தடுத்து, சீட்டில் உள்ள இலக்கைக் காட்டுவதும் நர்ஸின் வேலை.

சார்ட் பொய் சொன்னால்

ஒரு வாரத்துச் சார்ட்டை எடுத்து எண்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். பிபி 120/80, 120/80, 120/80. நாடி 72, 72, 72. மூச்சு எப்போதும் 18. ஒரே பேனா, ஒரே சாய்வு. உயிருள்ள உடம்பு இப்படி இருக்காது. ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் எழுதப்பட்டது இது. இதயத்துடிப்பு ஒழுங்கற்றவருக்கு மூன்று நாள் தொடர்ந்து நாடி 72 என்றால் யாரும் மணிக்கட்டைத் தொடவே இல்லை. நீர் உள்ளே 1500, வெளியே 1500 என்று உருண்டையாக வந்தாலும் அதே கதைதான். உண்மையான சார்ட்டில் திருத்தல் இருக்கும், 'நோயாளி மறுத்தார், காரணம் குமட்டல்' என்று இருக்கும், மலம் போகாத நாட்கள் எண்ணப்பட்டிருக்கும், புண்ணின் நீளம், அகலம், ஆழம் வாரத்துக்கொரு முறை சென்டிமீட்டரில் இருக்கும். நோயாளி சொன்னது அவர் வார்த்தையிலேயே இருக்கும்.

வலியும் அந்தச் சார்ட்டில் இருக்க வேண்டும். பேச முடிந்தவரிடம் 0 முதல் 10 வரை கேட்கலாம். மறதிநோய் முற்றியவருக்கு மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 போட்டுக் கூட்டும் முறை இருக்கிறது. டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கு அரை மணி முன்பே வலி மருந்து கொடுக்க டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். மார்ஃபின் என்றதும் குடும்பம் அடிமையாகிவிடுவார் என்று பயந்து பாதி டோஸைத் தள்ளிப்போடும். நர்ஸ் அதை விளக்கி, கூடவே மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே அதுவும் தொடங்க வேண்டும்.

எங்கே கோட்டைத் தாண்டக்கூடாது

நோயாளிக்காகப் பேசுவது என்ற பெயரில் டோஸைத் தானே மாற்றுவது, டாக்டர் சரியில்லை என்று குடும்பத்தின் காதில் ஓதுவது, தனக்குத் தெரிந்த லேபுக்கு அனுப்புவது எல்லாம் வேறு கணக்கு. சந்தேகமான மருந்தை நிறுத்திவைத்துக் கேட்கும் உரிமை நர்ஸுக்கு உண்டு; தன் இஷ்டத்துக்கு வேறொன்றைக் கொடுக்கும் உரிமை இல்லை. தெளிந்த மனநிலையில் உள்ள நோயாளி ஒரு சிகிச்சையை வேண்டாம் என்றால், விளைவை விளக்கி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, எழுதி, டாக்டருக்குத் தெரிவிப்பதோடு நர்ஸின் பங்கு முடிகிறது. ஏமாற்றி உணவில் மருந்தைக் கலக்கச் சொன்னால் மறுக்க வேண்டும். குளிப்பாட்டும்போது அறையில் கேமரா ஓடினால் அணைக்கச் சொல்ல வேண்டும். புண்ணின் படத்தை உறவினர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. இதில் நர்ஸுகளைவிட மகன்களும் மருமகன்களும்தான் முன்னணி.

மேல்கையின் உட்பக்கம், தொடையின் உட்பக்கம் போன்ற இடங்களில் விளக்கமில்லாத காயத்தைக் கண்டால் யாரையும் குற்றம்சாட்டாமல், இடம், அளவு, நிறம், நோயாளி தனியாக இருக்கும்போது சொன்னது ஆகியவற்றை எழுதி அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அதை வாங்கிவைத்துக்கொள்ள ஆள் இல்லாத நிறுவனத்தில் எந்த நர்ஸும் நீண்ட நாள் தைரியமாக இருக்க மாட்டார்.

கையெழுத்துக்கு முன்

பெரிய குறை 24 மணி நேர ஒற்றை நர்ஸ் ஏற்பாடு. இரண்டு மணிக்கொரு முறை புரட்டல் என்றால் நாளுக்கு 12 முறை; அதைச் செய்பவர் தூங்குவது எப்போது? தூங்காத நர்ஸ் மருந்தில் தவறுவார், தூங்கும் நர்ஸ் புண்ணைத் தவறவிடுவார். இரவு வேலை உள்ள நோயாளிக்கு 12 மணி நேர ஷிப்ட் இரண்டு தேவை, இருவரும் படுக்கையருகே நின்று ஹேண்ட்ஓவர் கொடுக்க 15 நிமிடமாவது ஒன்றாக இருக்க வேண்டும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "எல்லாம் ஓகே" என்று சொல்லிப் போவது ஹேண்ட்ஓவர் ஆகாது.

இரண்டாவது குறை, நர்ஸ் என்று சொல்லி அட்டெண்டரை அனுப்புவது. குளிப்பாட்டல், உணவூட்டல், புரட்டல் இவற்றில் நல்ல அட்டெண்டர் பெரும் துணை. ஊசி, கதீட்டர் மாற்றம், சக்‌ஷன் (தொண்டையில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது), டியூப் இருக்கும் இடத்தைச் சோதிப்பது ஆகியவை பதிவு பெற்ற நர்ஸுக்குரியவை. நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றில் மூன்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மேற்பார்வை நர்ஸ் எத்தனை நாளுக்கொரு முறை நேரில் வந்து தோலைத் தொட்டுப் பார்ப்பார்? எங்கள் நர்ஸ் எங்களோடு முரண்பட்டால் நீங்கள் யாரிடம் பேசுவீர்கள், எத்தனை நாளுக்குள்? நாங்கள் ஆளை மாற்றச் சொன்னால் காரணத்தை நோயாளியிடமும் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தடுமாறும். வாடிக்கையாளர் கேட்டால் உடனே மாற்றித் தருவோம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தைவிட, "முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்" என்று சொல்லும் இடத்துக்கு எங்கள் மதிப்பெண் கூடுதல். முதல் ஒப்பந்தத்தை இரண்டு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். 14-ம் நாள் சார்ட், மருந்துப் பட்டியல், குதிகால், பின்முதுகு நான்கையும் மேற்பார்வை நர்ஸும் நீங்களும் ஒன்றாக நின்று பாருங்கள். பிறகு குடும்பத்தார் வெளியே வந்து, மேற்பார்வை நர்ஸ் மட்டும் நோயாளியிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசட்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.